எத்தனை வாங்கணும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் சுத்திச் சுத்தி வருது: ஒரு டிரேடுல எவ்வளவு பணம் போடுறது, எவ்வளவு போனா வெளிய வர்றது, ரிஸ்க் ரிவார்டு ரேஷியோன்னு எல்லாரும் சொல்றாங்களே அது உண்மையிலேயே வேலை செய்யுதா. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு. "இந்த ஷேரை இப்ப வாங்கலாமா"ன்னு கேட்டு எழுதினவங்க கோவிச்சுக்காதீங்க, உங்க கேள்விக்கு என்கிட்ட பதில் கிடையாது, அடுத்த இதழ்லயும் இருக்காது.

கேள்வி: சார், ஒரு டிரேடுல 2%க்கு மேல ரிஸ்க் எடுக்கக் கூடாதுன்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்க. என்கிட்ட இருக்குறது ஒரு லட்சம். அப்போ ஒரு தடவைக்கு 2,000க்குத்தான் ஷேர் வாங்கணுமா? அதுல என்ன சார் மிஞ்சும்?

பதில்: இல்லீங்க. இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்ல, வந்ததுல நிறைய பேரு இதையே கேட்டிருக்காங்க. 2%ங்கிறது நீங்க போடுற பணம் இல்ல, ஸ்டாப்லாஸ் (இதுக்குக் கீழ போனா வித்துட்டு வெளிய வந்துடணும்னு முன்கூட்டியே வைக்கிற விலை) அடிச்சா உங்க கையை விட்டுப் போற பணம். ரெண்டும் வேற வேற.

ஒரு ஷேர் 500ல இருக்கு, 480க்குக் கீழ போனா நம்ம கணிப்பு தப்புன்னு நினைக்கிறீங்க. அப்போ ஒரு ஷேருக்கு 20 ரிஸ்க். நீங்க இழக்கத் தயாரா இருக்குறது 2,000. அந்த 2,000த்தை 20ஆல வகுத்தா 100 ஷேர். 100 ஷேர் வாங்க 50,000 வேணும், அதாவது உங்க பணத்துல பாதி உள்ள போகுது, ஆனா ரிஸ்க் 2%தான். இவ்வளவுதான் ஃபார்முலா, இதுக்குன்னு காசு குடுத்து கோர்ஸ் எல்லாம் போகாதீங்க.

இதுல வரிசை முக்கியம். முதல்ல சார்ட்டைப் பார்த்து ஸ்டாப் எங்கன்னு முடிவு பண்ணணும், அப்புறம்தான் குவான்டிட்டி. நிறைய பேரு இதைத் தலைகீழா பண்றாங்க, 300 ஷேர் வாங்கணும்னு மனசுல முடிவு பண்ணிட்டு, அப்புறம் 2,000க்குள்ள அடங்குற மாதிரி ஸ்டாப்பை இழுத்து கிட்ட வெச்சுக்குறாங்க. மார்க்கெட்டுக்கு உங்க 2,000 பத்தி என்ன தெரியும், அது பாட்டுக்கு வழக்கமா ஆடுற ஆட்டத்துலயே அந்த ஸ்டாப்பைத் தட்டிட்டு மேல போயிடும். "என் ஸ்டாப்லாஸை மட்டும் தேடி வந்து அடிக்கிறாங்க"ன்னு புலம்புறவங்கள்ல பல பேரோட கதை இதுதான்.

கேள்வி: அண்ணா, நான் எப்பவுமே 1:3தான். 10 பாயின்ட் ஸ்டாப், 30 பாயின்ட் டார்கெட். நாலுல ஒண்ணு ஜெயிச்சாலே அசல் வந்துடும், மூணுல ஒண்ணு ஜெயிச்சா லாபம்னு கணக்கு போட்டுத்தான் இறங்கினேன். ஆறு மாசமா ஒழுங்கா ஃபாலோ பண்றேன், ஆனா கணக்குல இருக்குற பணம் கரைஞ்சுக்கிட்டே இருக்கு. எங்க தப்பு?

பதில்: உங்க கணக்கு சரிதான். 1:3க்கு பிரேக்ஈவன், அதாவது அசல் தேற ஜெயிக்க வேண்டிய அளவு, 25%, 1:2க்கு 33%, 1:1க்கு 50%, இதுல யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா அந்தக் கணக்கோட இன்னொரு பக்கத்தை யாரும் சொல்றது இல்ல. விலை எந்தப் பக்கம் போகும்னு உங்களுக்கு ஒரு துப்பும் இல்லாம, சும்மா கண்ணை மூடிக்கிட்டு ஒரு டிரேட் எடுத்தீங்கன்னு வைங்க. 10 பாயின்ட் கீழ ஸ்டாப், 30 பாயின்ட் மேல டார்கெட். எது முதல்ல அடிக்கும்? மேல இருக்குறது மூணு மடங்கு தூரம், அதனால டார்கெட் அடிக்கிற வாய்ப்பு 40ல 10, அதாவது அதே 25%. 100 டிரேடுல 25 ஜெயிச்சு 75 ஆர், 75 தோத்து 75 ஆர், மிச்சம் பூஜ்யம். (ஒரு டிரேடுல நீங்க வைக்கிற ரிஸ்க்கை ஒரு ஆர்னு சொல்வாங்க, இனிமே அப்படியே சொல்றேன்.) 1:5 வெச்சாலும் இதே பூஜ்யம்தான், 1:10 வெச்சாலும் இதே. ரேஷியோவைப் பெருசாக்குனா ஜெயிக்கிற வாய்ப்பு அதே அளவுக்குச் சின்னதாகும். ஆக ரேஷியோ உங்களுக்கு லாபம் தராது, உங்க என்ட்ரியில ஏதாவது சரக்கு இருந்தாத்தான் லாபம்.

சரி, பூஜ்யம்னா கணக்கு அப்படியே நிக்கணுமே, ஏன் கரையுது? செலவு. புரோக்கரேஜ், வரி, வாங்குற விலைக்கும் விக்குற விலைக்கும் நடுவுல இருக்குற இடைவெளி, ஆர்டர் ரெண்டு பைசா தள்ளி ஃபில் ஆகுறது (ஸ்லிப்பேஜ்), எல்லாம் சேர்த்து ஒரு டிரேடுக்கு 2 பாயின்ட்னு வைங்க. உங்க ஸ்டாப் 10 பாயின்ட், அப்போ ஒவ்வொரு டிரேடுலயும் ஆரம்பிக்கும்போதே 0.2 ஆர் காலி. 100 டிரேடுக்கு 20 ஆர். அதே டிரேடை 40 பாயின்ட் ஸ்டாப், 120 பாயின்ட் டார்கெட்னு கொஞ்சம் பெரிய டைம்ஃபிரேம்ல எடுத்திருந்தா அதே 2 பாயின்ட் செலவு 0.05 ஆர்தான், 100 டிரேடுக்கு 5 ஆர். ரேஷியோ ரெண்டுலயும் 1:3. ஆனா ஒண்ணு உங்களை நாலு மடங்கு வேகமா உறிஞ்சுது. ரேஷியோ அழகா தெரியணும்னு ஸ்டாப்பைச் சுருக்கிட்டே போறவங்க கவனிக்க வேண்டிய இடம் இதுதான், ஸ்டாப் சுருங்கச் சுருங்க செலவோட பங்கு ஏறும்.

இன்னொண்ணு கேக்குறேன், நேர்மையா பதில் சொல்லுங்க, உங்க 30 பாயின்ட் டார்கெட் எத்தனை தடவை உண்மையிலேயே அடிச்சுது? 12 பாயின்ட் லாபம் வந்தவுடனே "வந்த வரைக்கும் போதும்"னு வெளிய வந்தது எத்தனை தடவை? உங்க கடைசி 50 டிரேடை எடுத்து, ஜெயிச்சதோட சராசரி என்ன, தோத்ததோட சராசரி என்னன்னு பாருங்க. பேப்பர்ல 1:3 எழுதி வெச்சிருக்குறவங்களுக்கு நிஜத்துல சராசரி லாபம் 1.3 ஆர், சராசரி நஷ்டம் ஸ்லிப்பேஜ் சேர்த்து 1.1 ஆர்னு வர்றது சர்வசாதாரணம். அப்படி இருந்தா உங்களுக்கு பிரேக்ஈவன் 25% இல்ல, 46% கிட்ட. மூணுல ஒண்ணு ஜெயிச்சுக்கிட்டு நீங்க லாபத்தை எதிர்பார்த்துட்டு உக்காந்திருக்கீங்க, ஆனா ஒவ்வொரு டிரேடுக்கும் சராசரியா 0.3 ஆர் போய்க்கிட்டு இருக்கு.

இது உங்க குணக்கேடு இல்ல, மனுஷ சுபாவம். லாபத்தைச் சீக்கிரம் வித்துட்டு நஷ்டத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிற பழக்கத்துக்கு ஷெஃப்ரின், ஸ்டேட்மன்னு ரெண்டு பேரு 1985லயே டிஸ்போசிஷன் எஃபெக்ட்னு பேரு வெச்சுட்டாங்க. என்னைக் கேட்டா டார்கெட்ங்கிறது நீங்க எழுதி வெக்கிற ஆசை. மார்க்கெட் குடுத்தா உண்டு. ரிஸ்க் பக்கம் மட்டும்தான் ஓரளவுக்காவது உங்க கையில இருக்கு, அதுலயும் குவான்டிட்டி ஒண்ணுதான் முழுசா உங்க கையில இருக்கு.

கேள்வி: தினமும் 1% எடுத்தாப் போதும்னு இருக்கேன், பேராசை இல்ல. சரிதானே?

பதில்: வருஷத்துக்கு 250 நாள் தினமும் 1% கூட்டு வட்டியில வளர்ந்தா ஒரு வருஷத்துல 12 மடங்கு. மூணு வருஷத்துல ஒரு லட்சம் 17 கோடியைத் தாண்டும். பேராசை இல்லாதவரே, வாழ்த்துக்கள்.

கேள்வி: சார், தொடர்ந்து ஏழு ஸ்டாப்லாஸ். என் சிஸ்டம் 40% ஜெயிக்கும், ஜெயிச்சா 2 ஆர் வரும், ரெண்டு வருஷ டேட்டாவுல பார்த்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். இப்ப சிஸ்டம் செத்துப்போச்சா, இல்ல எனக்கு நேரம் சரியில்லையா?

பதில்: ரெண்டும் இல்லாமயும் இருக்கலாம். 40% ஜெயிச்சா 60% தோக்கும். குறிப்பா ஒரு ஏழு டிரேடை எடுத்தா ஏழும் தோக்குற வாய்ப்பு 2.8%தான், கேக்க ரொம்பக் கம்மியா இருக்கும். ஆனா நீங்க ஏழு டிரேடோட நிறுத்தப் போறது இல்லையே. 200 டிரேட் எடுத்தா, அதுக்குள்ள எங்கயாவது ஒரு இடத்துல தொடர்ந்து ஏழு தோக்குற வாய்ப்பு ஏறக்குறைய 10க்கு 9. அதாவது வராம இருந்தாத்தான் ஆச்சரியம். இது சிஸ்டத்தோட கோளாறு இல்ல, 40%ங்கிற நம்பருக்குள்ளயே இது ஒளிஞ்சு இருந்தது.

இப்ப உங்க கேள்வியில விட்டுப்போன ஒரு விஷயம், நீங்க ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு ரிஸ்க் எடுத்தீங்கன்னு சொல்லவே இல்ல. அதுலதான் எல்லாம் இருக்கு. 1% எடுத்திருந்தா ஏழு நஷ்டத்துக்கு அப்புறம் கணக்கு 6.8% கீழ, திரும்ப ஏற 7.3% போதும், ராத்திரி தூக்கம் வரும். 2% எடுத்திருந்தா 13% கீழ. 5%னா 30% கீழ, திரும்ப பழைய இடத்துக்கு வர 43% ஏறணும். 10%னா பாதிக்கு மேல காலி, மீள 109% வேணும். நாலு பேரும் ஒரே சிஸ்டம், ஒரே என்ட்ரி, ஒரே ஏழு நஷ்டம். முதல் ஆள் எட்டாவது டிரேடை சாதாரணமா எடுப்பாரு, கடைசி ஆள் எடுக்க மாட்டாரு, எடுத்தாலும் கை நடுங்கும். ஜெயிக்கிற அந்த எட்டாவது டிரேட் வரும்போது ஸ்கிரீன் முன்னாடி யாரு இருக்காங்கங்கிறதுதான் விஷயம்.

சிஸ்டம் செத்துருச்சான்னு ஏழு டிரேடை வெச்சு முடிவு பண்ண முடியாது. உங்க டேட்டாவுல இருந்த மோசமான டிராடவுன் (கணக்கு உச்சத்துல இருந்து விழுந்த அளவு) எவ்வளவுன்னு எடுத்து வைங்க, இப்ப அதைத் தாண்டிப் போனா சைஸைப் பாதியாக்கிட்டு சிஸ்டத்தை நோண்டுங்க. தாண்டலைன்னா எட்டாவதை அதே சைஸ்ல எடுங்க.

கேள்வி: நஷ்டம் வந்தா அடுத்த டிரேடுல குவான்டிட்டியை டபுள் பண்றேன். என்னைக்காவது ஒருநாள் ஜெயிச்சுத்தானே ஆகணும்? இதுவரைக்கும் மாசாமாசம் லாபம்தான்.

பதில்: மேல இருக்குற வாசகரோட ஏழு நஷ்டத்தை உங்க கணக்குல வெச்சுப் பாருங்க. 1,000த்துல ஆரம்பிச்சு டபுள் பண்ணிக்கிட்டே போனா ஏழு தோல்விக்கு அப்புறம் போனது 1,27,000. எட்டாவதுல வைக்க வேண்டியது 1,28,000. எதுக்காக? முதல்ல நினைச்ச அந்த 1,000 லாபத்துக்காக.

மாசாமாசம் லாபம் வர்றது இந்த முறையோட லட்சணமே, அது எப்பவும் அப்படித்தான் தெரியும், கடைசி மாசம் தவிர. 1995ல நிக் லீசன்னு ஒரு ஆளு, பேரிங்ஸ் பேங்க்கோட டிரேடர், சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு நஷ்டத்தை 88888ங்கிற ஒரு கணக்குல மறைச்சு வெச்சு, ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்துக்கு அப்புறம் ஜப்பான் மார்க்கெட் விழ விழ பொசிஷனைக் குறைக்காம இன்னும் ஏத்திக்கிட்டே போனாரு. போனது 82.7 கோடி பவுண்ட். 1762ல ஆரம்பிச்ச பேரிங்ஸ் பேங்க்கை ஒரே ஒரு பவுண்டுக்கு வித்தாங்க. ஒரு பேங்க்கோட பணமே பத்தல, நம்ம பணம் எம்மாத்திரம்.

கேள்வி: எல்லா ஷேர்லயும் தலா 20,000னு சமமா பிரிச்சுப் போடுறேன். இது பாதுகாப்பான முறைதானே? பணத்துல சமம்னா ரிஸ்க்லயும் சமம்தானே?

பதில்: பணத்துல சமம், ரிஸ்க்ல இல்ல. ரெண்டு ஷேர், ரெண்டுமே விலை 200. ஒண்ணு நாளைக்கு சராசரியா 4 ஆடும், இன்னொண்ணு 12 ஆடும். ரெண்டுலயும் 20,000 போட்டா தலா 100 ஷேர். முதலாவது ஒரு நாளைக்கு உங்க கணக்கை 400 ஆட்டும், ரெண்டாவது 1,200 ஆட்டும். மாசக் கடைசியில பார்த்தா உங்க லாபநஷ்டம் மொத்தமும் அந்த ஆட்டக்காரன் கையில இருக்கும், மத்தது எல்லாம் சும்மா லிஸ்ட்ல பேருக்கு இருக்கும்.

இதைச் சமன் பண்ண ஏடிஆர் பாருங்க. ஒரு ஷேர் சராசரியா எவ்வளவு ஆடுதுன்னு காட்டுற அளவு அது, வெல்ஸ் வைல்டர் 1978ல குடுத்தது, இப்ப எல்லா சார்ட்டிங் ஆப்லயும் இருக்கு. ஸ்டாப்பை ரெண்டு ஏடிஆர் தூரத்துல வைக்கிறீங்கன்னு வைங்க. முதல் ஷேருக்கு 8, ரெண்டாவதுக்கு 24. ரிஸ்க் 2,000ன்னா முதலாவதுல 250 ஷேர், ரெண்டாவதுல 83. பணமா பார்த்தா ஒண்ணுல 50,000, இன்னொண்ணுல 16,600. பார்க்க சமமில்லாத மாதிரி இருக்கும், ஆனா ஸ்டாப் அடிச்சா வலி ரெண்டுலயும் ஒண்ணுதான்.

1983ல ரிச்சர்ட் டென்னிஸ் புதுசா ஆளுங்களை எடுத்து டிரேடிங் கத்துக்குடுத்தாரே, டர்ட்டில்ஸ்னு பேரு, அவங்க சைஸ் போட்டது இப்படித்தான். ஒரு யூனிட்னா ஒரு ஏடிஆர் ஆட்டம் கணக்கை 1% ஆட்டணும், ஸ்டாப் ரெண்டு ஏடிஆர், ஆக ஒரு யூனிட்டுக்கு ரிஸ்க் 2%. ஒரே மார்க்கெட்ல 4 யூனிட்டுக்கு மேல கூடாது. ஒண்ணோட ஒண்ணு நெருக்கமா சேர்ந்து ஓடுற மார்க்கெட்டுகள்ல மொத்தம் 6, ஒரே திசையில எல்லாம் சேர்த்து 12. அந்த 6ங்கிறதைக் கவனிங்க. நீங்க நாலு பேங்க் ஷேரை வாங்கி வெச்சிருந்தா அது நாலு டிரேட் இல்ல, ஒரே டிரேடை நாலு பேருல எடுத்திருக்கீங்க, விழுற அன்னைக்கு நாலும் கையைக் கோத்துக்கிட்டு விழும். தலா 2%னா அன்னைக்கு உங்க நிஜமான ரிஸ்க் 8%. 12 யூனிட்னா 24% ரிஸ்க், அது அவங்க அடுத்தவர் பணத்துல ஆடினது, நம்ம சொந்தப் பணத்துக்கு என் கருத்துல அதுல கால்வாசி போதும்.

கேள்வி: ஸ்டாப்லாஸ் ஆர்டர் போட்டுட்டா அதுக்கு மேல நஷ்டம் வராதுல்ல? அதனால ஸ்டாப்பை ரொம்பக் கிட்ட வெச்சு குவான்டிட்டியை ஏத்திக்கலாம்னு யோசிக்கிறேன், ரிஸ்க் அதே 2%தானே.

பதில்: ஸ்டாப்லாஸ்ங்கிறது வாக்குறுதி இல்லீங்க, வேண்டுகோள். அந்த விலையில எதிர்ல வாங்குறதுக்கு ஆள் இருந்தாத்தான் விக்கும்.

முதல் கேள்வியில பார்த்த அதே 500 ஷேரை எடுங்க. ஒருத்தர் 480ல ஸ்டாப் வெச்சு 100 ஷேர். நீங்க சொல்ற மாதிரி இன்னொருத்தர் 495ல வெச்சு 400 ஷேர், கடன் வாங்கி, ஏன்னா அதுக்கு 2 லட்சம் வேணும். பேப்பர்ல ரெண்டு பேருக்கும் ரிஸ்க் 2,000. ராத்திரி ஏதோ கெட்ட செய்தி, காலையில 450ல ஓப்பன் ஆகுது. நடுவுல 495ம் கிடையாது, 480ம் கிடையாது. முதல் ஆளுக்கு 5,000 நஷ்டம், கணக்குல 5%, எரிச்சல்தான், பொழைச்சுக்கலாம். உங்களுக்கு 20,000, அஞ்சுல ஒரு பங்கு ஒரே காலையில.

2015 ஜனவரி 15 ஞாபகம் இருக்குறவங்க இருப்பீங்க. ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க்குக்குக் கீழ விட மாட்டோம்னு 2011ல இருந்து சொல்லிக்கிட்டு இருந்த சுவிஸ் சென்ட்ரல் பேங்க், முன்னறிவிப்பே இல்லாம அன்னைக்கு அதைக் கைவிட்டுச்சு. சில நிமிஷத்துல விலை 1.00க்கும் கீழ. 1.19ல ஸ்டாப் வெச்சிருந்தவங்களுக்கு 1.19 கிடைக்கல. கணக்குல இருந்ததும் போயி, அதுக்கு மேல புரோக்கருக்குக் கடன் வந்தவங்க நிறைய, சில புரோக்கர் கம்பெனியே திவால் ஆச்சு.

அதனால ரெண்டு கணக்கு போடுங்க. ஒண்ணு ஸ்டாப் வரைக்கும் போனா எவ்வளவு. இன்னொண்ணு ஸ்டாப்பை மதிக்காம 10%, 15% தாண்டி ஓப்பன் ஆனா எவ்வளவு. ரெண்டாவது நம்பரைப் பார்த்து வயிறு கலங்குச்சுன்னா குவான்டிட்டி அதிகம். அன்னைக்கே வாங்கி அன்னைக்கே விக்கிறவங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, இல்லைன்னு சொல்ல முடியாது.

கேள்வி: சார், கெல்லி ஃபார்முலா போட்டுப் பார்த்தேன். 40% ஜெயிக்கும், 2 ஆர், அதுக்கு 10% ரிஸ்க் எடுக்கலாம்னு வருது. நீங்க எல்லாம் 1%, 2%னு பயமுறுத்துறீங்க. கணக்கு பொய் சொல்லுமா?

பதில்: கணக்கு பொய் சொல்லாது, நீங்க அதுக்குள்ள போட்ட 40% சொல்லும்.

பணம் வேகமா வளர ஒரு தடவைக்கு எத்தனை பர்சென்ட் வைக்கணும்னு சொல்ற ஃபார்முலா, ஜான் கெல்லி 1956ல பெல் லேப்ஸ்ல இருந்துக்கிட்டு எழுதினது அது. ஜெயிக்கிற வாய்ப்புல இருந்து, தோக்குற வாய்ப்பை, ஜெயிச்சா வர்ற ஆரால (இங்க 2) வகுத்ததைக் கழிக்கணும். 0.40ல இருந்து 0.30 போனா 0.10, ஆமா 10%. எட்வர்ட் தோர்ப் இதை வெச்சு முதல்ல பிளாக்ஜாக்ல ஜெயிச்சாரு, அப்புறம் மார்க்கெட்டுக்கும் கொண்டு வந்தாரு. ஆனா சீட்டாட்டத்துல எந்தச் சீட்டு போச்சு, எது மிச்சம்னு எண்ணி வாய்ப்பைத் துல்லியமா சொல்லலாம். உங்க 40% எங்க இருந்து வந்தது? பழைய டேட்டாவுல இருந்து. நாளைக்கு அது 35% ஆகாதுன்னு யாரு எழுதிக் குடுத்தா?

35%னு வெச்சு அதே ஃபார்முலாவைப் போடுங்க. 0.35ல இருந்து 0.325 போனா 0.025. 10% இல்ல, 2.5%. வாய்ப்பு அஞ்சு பாயின்ட் இறங்குனதுக்கு சைஸ் நாலுல ஒண்ணா இறங்குது. அது தெரியாம நீங்க 10%லயே ஓட்டுறீங்கன்னு வைங்க. 100 டிரேட், 35 ஜெயிச்சு 65 தோக்குது. மொத்த ஆர் பார்த்தா 70ல 65 போக 5 ஆர் லாபம், சிஸ்டம் நல்ல சிஸ்டம்தான். ஆனா ஒரு லட்சம் என்ன ஆகும்னா, 35 தடவை 1.2ஆல பெருக்கி 65 தடவை 0.9ஆல பெருக்கினா ஏறக்குறைய 62,700. அதே 100 டிரேட், அதே வரிசை, 2.5%ல எடுத்திருந்தா 1,06,400. சிஸ்டம் லாபத்துல இருக்கு, நீங்க 37% நஷ்டத்துல இருக்கீங்க, நடுவுல மாறினது சைஸ் மட்டும்தான். இந்த ஒரு உதாரணத்தை நீங்களே எக்ஸெல்ல போட்டுப் பாருங்க, நான் எவ்வளவு சொன்னாலும் கண்ணால பார்க்குற மாதிரி வராது.

கெல்லியைத் தாண்டிப் போனா அதிக ரிஸ்க்குக்குக் குறைஞ்ச வளர்ச்சி, ரெண்டு மடங்கைத் தாண்டினா வளர்ச்சியே மைனஸ். பாதி கெல்லி எடுத்தா வளர்ச்சியில முக்கால்வாசி கிடைக்கும், ஆட்டம் பாதியாகிடும். அதனாலதான் தெரிஞ்சவங்க பாதி, கால்னு எடுக்குறாங்க. பயம் இல்ல, தங்களோட 40% மேல நம்பிக்கை இல்ல, அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, என் கேபிடல் 25,000தான். 1% ரிஸ்க்னா 250. நான் ஆடுற கான்ட்ராக்ட்ல ஒரு லாட் (அதுக்குக் கம்மியா வாங்க முடியாத கட்டு) எடுத்தாலே பாயின்ட்டுக்கு 50, ஸ்டாப் 40 பாயின்ட் வேணும். எப்படி அண்ணா 250க்குள்ள அடக்குறது?

பதில்: அடங்காது தம்பி. 40 பாயின்ட், பாயின்ட்டுக்கு 50, அது 2,000, உங்க கணக்குல 8%. ஃபார்முலாவைப் போட்டா விடை 0.125 லாட். அரைக்கால் லாட் யாரும் தர மாட்டாங்க, ஆக விடை பூஜ்யம். இந்த டிரேட் உங்களுக்கு இல்லைன்னு அது சொல்லுது, பூஜ்யமும் ஒரு விடைதான். அதை ஒண்ணுன்னு ரவுண்ட் பண்ணிக்கிறதுலதான் சின்னக் கணக்குகள் எல்லாம் சீக்கிரம் காலியாகுது. ஒரு ஷேர், ரெண்டு ஷேர்னு எடுக்க முடியுற இடத்துல ஆடுங்க. அப்படி ஆடினா எப்ப வளரும்னு கேப்பீங்க. 25,000 கணக்கை வளர்க்குறது டிரேடிங் லாபம் இல்ல தம்பி, மாசாமாசம் சம்பளத்துல இருந்து நீங்க போடுற பணம்தான். கத்துக்குற காலத்துல கம்மியா இழக்குறதே பெரிய காரியம்.

கேள்வி: லாபத்துல வந்தவுடனே ஸ்டாப்பை வாங்கின விலைக்கு நகர்த்திடுறேன், ஃப்ரீ டிரேட்னு சொல்வாங்களே. நல்லதுதானே?

பதில்: மனசுக்கு நல்லது, கணக்குக்கு எப்பவும் அப்படி இல்ல. அரை ஆர் லாபத்துலயே நகர்த்தினா விலை திரும்பி வந்து தொட்டுட்டு மறுபடி போற டிரேட் எல்லாம் பூஜ்யத்துல முடிஞ்சுடும், அதுல நீங்க 2 ஆர் எடுத்திருக்க வேண்டியவையும் இருக்கும். உங்க பழைய டிரேட்களை எடுத்து, நகர்த்தாம விட்டிருந்தா எப்படி முடிஞ்சிருக்கும்னு பாருங்க. சார்ட்ல ஒரு காரணம் வந்தா நகர்த்துங்க, பயம் வந்ததுக்காக நகர்த்தாதீங்க.

கேள்வி: நான் டிரேடிங் பண்றது இல்லைங்க, என் வீட்டுக்காரர் பண்றாரு. 100க்கு 85 டிரேட் ஜெயிக்கிறேன்னு பெருமையா சொல்றாரு, ஸ்கிரீன்ஷாட்டும் காட்டுறாரு. ஆனா பேங்க்ல இருந்து பணம் போய்க்கிட்டேதான் இருக்கு, வர்றதை நான் பார்க்கல. எனக்கு இதெல்லாம் புரியாது, எதைக் கேட்டா உண்மை தெரியும்?

பதில்: இந்த இதழோட நல்ல கேள்வி உங்களோடதுதாங்க. அவர் பொய் சொல்றாருன்னு நினைக்காதீங்க, 85 ஜெயிச்சது உண்மையாவே இருக்கலாம். ஜெயிக்கும்போது சராசரியா 600, தோக்கும்போது சராசரியா 4,000னு வைங்க. 85 தடவை 600, அது 51,000. 15 தடவை 4,000, அது 60,000. 9,000 நஷ்டம். ஜெயிச்ச சந்தோஷம் 85 தடவை, அதனால அவருக்கே தான் ஜெயிக்கிற மாதிரிதான் தோணும்.

நீங்க கேக்க வேண்டியது மூணே விஷயம். இதுவரைக்கும் பேங்க்ல இருந்து உள்ள போனது மொத்தம் எவ்வளவு, வெளிய வந்தது எவ்வளவு. இன்னைக்கு இருக்குற எல்லாத்தையும் வித்தா கையில எவ்வளவு நிக்கும். ரெண்டாவதைக் கேக்கும்போது "விக்காத வரைக்கும் அது நஷ்டம் இல்ல"ன்னு பதில் வந்தா அங்கதான் பணம் மாட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், 15 தோல்வி 15ஆ மட்டும் இருக்குறதுக்குக் காரணமும் அதுவா இருக்கலாம், மத்த தோல்வி எல்லாம் இன்னும் மூடாம கிடக்கும். மூணாவது, ஒரே டிரேடுல இதுவரைக்கும் போன அதிகபட்ச தொகை எது, அது சராசரி லாபத்தைப் போல எத்தனை மடங்கு. ரெண்டு, மூணுன்னா பேசிக்கலாம். முப்பது, நாப்பதுன்னா ஸ்டாப்லாஸ்ங்கிற வார்த்தையே அங்க இல்ல.

கடன் வாங்கி உள்ள போட்டிருக்காரான்னும் கேளுங்க. அதுக்கு ஆமான்னு பதில் வந்தா மத்த மூணையும் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல அதை நிறுத்தணும்.

கேள்வி: மூணு மாசமா லாபம். எப்ப சைஸ் கூட்டலாம்?

பதில்: பர்சென்ட் கணக்குல ஆடினா நீங்க கூட்ட வேண்டியதே இல்ல. கணக்கு 1,20,000 ஆனா 2% தானா 2,400 ஆகும், 80,000 ஆனா 1,600 ஆகும். அந்தப் பர்சென்ட்டையே ஏத்தலாமான்னு கேட்டீங்கன்னா, மூணு மாசத்துல எத்தனை டிரேட்னு எழுதலையே. 15 டிரேட்னா அது அதிர்ஷ்டமா திறமையான்னு யாராலயும் சொல்ல முடியாது. 100 தாண்டட்டும், அதுல ஒரு மோசமான மாசமும் இருக்கட்டும், அப்பவும் 1%ல இருந்து ஒன்றரைக்குப் போங்க, அஞ்சுக்குப் போகாதீங்க. இறங்கும்போது மட்டும் தாமதிக்காதீங்க. டர்ட்டில்ஸ் கணக்கு 10% விழுந்தா, கணக்கே 20% சின்னதாயிட்டதா வெச்சுக்கிட்டு சைஸ் போடுவாங்க. அதை அப்படியே எடுத்துக்கலாம்.